விருப்பமும் வெற்றிக் கணக்கும்

தலைவர் அவர்களே, தம் முன்னோர் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவி ஆண்டுதோறும் ஒருவரை அழைத்துப் பேசச் செய்துவரும் குடும்பத்தினரே, ஆசிரியப் பெருமக்களே, தையல் எந்திரங்களுக்கு ஒரு மாலைப்பொழுது ஓய்வளித்துவிட்டு இங்கு வந்து அமர்ந்திருக்கும் புதியம்புத்தூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதி தேர்தலுக்கு முன்னதாக, தன் சார்பில் நிற்கவேண்டியவர் யார் என்பதை நிர்ணயிப்பதற்கு ஒவ்வொரு கட்சியும் தன் ஆதரவாளரிடையே மாநிலம் மாநிலமாக ஒரு முன்தேர்தல் நடத்துகிறதே, அந்த முன்தேர்தலில் வாக்களிப்பவன் தன் மனத்துக்கு உகந்தவரைத் தேர்கிறானா, அல்லது எதிர்க்கட்சியாரை வெல்லக்கூடியவர் என்று தான் கருதுபவரைத் தேர்கிறானா என்ற விஷயத்தைப் பற்றிப் பேச எண்ணியிருப்பதாக நான் தெரிவித்தபோது, நிர்வாகிகளில் ஒருவர், மிக்க மரியாதையோடுதான், “ஐயா, அது நம்ம ஊருக்கு எட்டாத சமாச்சாரமில்லையா?” என்று கேட்டார். அவருக்கு அப்போது சொன்ன பதிலை விரித்துச் சொல்வதே இந்த உரை. 2016-ஆம் ஆண்டு மே மாதம், இந்த ஊர் அடங்கிய ஓட்டப்பிடாரம் தொகுதியில் அ.தி.மு.க.வின் சுந்தரராஜுக்கும் புதிய தமிழகத்தின் டாக்டர் கிருஷ்ணசாமிக்கும் இடையே வெற்றி தோல்வியைத் தீர்த்தவை 493 வாக்குகள். அடுத்த தொகுதியாகிய கோவில்பட்டியில் அதே தேர்தலில் கடம்பூர் ராஜுவைக் கரையேற்றியவை 428 வாக்குகள். வெற்றி இவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிற கரிசல் பூமியில், யாரை நிறுத்தினால் ஜெயிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு உண்டாகும் செல்வாக்கு சாமானியமானதன்று. அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் யார், எந்த ஆதாரத்தைக் கொண்டு போடுகிறார்கள், அது பொய்த்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகள் நமக்கு எட்டாத சமாச்சாரம் ஆகமாட்டா.

ஒருவர் நேர்மையானவர், உழைப்பாளி, முன்கோபக்காரர் என்றெல்லாம் நாம் சொல்லும்போது அவரிடத்திலே இருக்கும் ஒரு குணத்தைச் சொல்கிறோம். அவர் ஜெயிக்கக்கூடியவர் என்று சொல்லும்போதோ, நம் பேச்சு அவரை விட்டு விலகி, அவருக்கு வாக்களிக்கக்கூடிய பல்லாயிரம் அயலாரின் மனத்தைப் பற்றி நாமாகச் செய்துகொண்ட ஓர் அனுமானத்தின்மேல் போய் நிற்கிறது. அந்த அயலாரும் வாளா இருப்பதில்லை. அவர்கள் நம் மனத்தைப் பற்றி அனுமானித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலப் பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் 1936-இல் வெளியிட்ட தம் பெருநூலில், பங்குச் சந்தையை விளக்கவேண்டி ஒரு பத்திரிகைப் போட்டியை எடுத்துக்காட்டினார். நூறு முகங்களின் படங்களை அச்சிட்டு, மிக அழகிய ஆறு முகங்களைக் குறிக்கச் சொல்வார்கள். போட்டியாளர் அனைவரின் சராசரி அபிப்பிராயத்தோடு எவருடைய தேர்வு ஒத்துப்போகிறதோ அவருக்குப் பரிசு. அப்படியிருக்க, பரிசை நாடுகிறவன் தன் கண்ணுக்கு அழகான முகத்தைக் குறிக்கமாட்டான். பிறர் எதைக் குறிப்பார்கள் என்று எண்ணுவான். பிறரும் அவ்வாறே எண்ணுவார்கள் என்பதையும் எண்ணுவான். கடைசியில், ஒருவர் கண்ணுக்கும் அழகாகத் தோன்றாத முகம்கூட எல்லோராலும் குறிக்கப்பட்டு வென்றுவிடலாம். தேர்தலில் இது நடவாது என்று சொல்வாரும் உளரோ?

இதை விளங்கிக்கொள்ள இவ்வூரார் இங்கிலாந்து வரை போகவேண்டியதில்லை. தீபாவளிக்குப் பல மாதங்கள் முன்பே துணியைத் தருவித்து, எந்த வயதுப் பிள்ளைக்கு எத்தனை உருப்படி, எந்த நிறத்தில் எத்தனை என்று தீர்மானித்து வெட்டுகிறவர், அதை உடுத்தப்போகும் பிள்ளையைக் கண்ணால் கண்டவர் அல்லர். வந்து போகும் வியாபாரியின் வாய்ச்சொல்லையும் சென்ற ஆண்டு விற்ற கணக்கையும் வைத்து ஊகிக்கிறார். ஊகம் பிழைத்தால் சரக்குத் தேங்கும். நஷ்டம் வெட்டியவர் தலையில் விடியும். அபேட்சகர்களை வெட்டித் தைத்துத் தொகுதிகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு அப்படிப்பட்ட நஷ்டம் எதுவும் கிடையாது. அளவு சேராத சட்டையை ஐந்து வருஷம் போட்டுக்கொண்டு திரியவேண்டியவர்கள் தொகுதி ஜனங்களே.

இந்த விவகாரம் நம் தேசத்தில் எப்போது தலைகாட்டிற்று என்று பின்னோக்கிச் சென்றால், இங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரனாரிடம் வந்து சேர்கிறோம். 1907 டிசம்பரில் அவரும் பாரதியாரும் தென்னாட்டுப் பிரதிநிதிகளோடு சூரத் காங்கிரஸுக்குப் போனார்கள். அந்த மகாசபை முதலில் நாகபுரியில் கூடுவதாக இருந்தது. மிதவாதிகள் அதைச் சூரத்துக்கு மாற்றினார்கள். சூரத் அக்காலத்தில் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. சபை கூடும் மாகாணத்தவர் தலைமை வகிப்பதில்லை என்பது சம்பிரதாயம். ஆகவே அம்மாகாணத்தவரும் தீவிரவாதிகளின் நாயகருமான திலகர் தலைவராகும் வழி ஓசையின்றி அடைபட்டது. தீவிரவாதிகள் லாலா லஜபதிராயின் பெயரைச் சொன்னார்கள், அவர் இசையவில்லை. மேலிடத்தார் நிர்ணயித்த ராஸ் பிகாரி கோஷின் பெயரை ஆதரித்துப் பேச சுரேந்திரநாத் பானர்ஜி எழுந்தபோது பந்தலில் கூச்சல் கிளம்பிற்று. மறுநாள் திலகர் மேடையேறிப் பேச முற்பட, எங்கிருந்தோ பறந்து வந்த மராட்டியச் செருப்பொன்று பானர்ஜியின் மீதும் பிரோஸ்ஷா மேத்தாவின் மீதும் பட, நாற்காலிகள் உருள, மகாசபை கலைந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் செருப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. திலகரைவிடக் கோஷ் பெரிய தேசபக்தர் என்று மிதவாதிகளில் ஒருவரும் சாதிக்கவில்லை. திலகர் தலைமை வகித்தால் சர்க்கார் என்ன நினைக்கும், இங்கிலாந்தில் உள்ள மித்திரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதே அவர்களுடைய கவலை. வந்திருந்த பிரதிநிதிகளின் விருப்பம் இன்னதென்று எண்ணிப் பார்ப்பதற்கு முன்னதாக, வராதவர்களின் விருப்பம் இன்னதாக இருக்கும் என்ற ஊகம் நாற்காலியில் அமர்ந்துவிட்டது. எண்ணிப் பார்த்திருந்தால் கோஷே கூட வென்றிருக்கலாம். சிதம்பரனாரும் தோழர்களும் அவ்வளவு மனக்கசப்போடு திரும்பியிருக்கமாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

எண்ணிப் பார்த்த சந்தர்ப்பமும் உண்டு. 1939 ஜனவரி 29 அன்று, திரிபுரி காங்கிரஸுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மாகாணந்தோறும் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். சுபாஷ் சந்திர போஸுக்கு 1,580. மகாத்மாவின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமய்யாவுக்கு 1,377. பட்டாபியின் தோல்வி தம் தோல்வியே என்று காந்தியடிகள் அறிக்கை விடுத்தார். காரியக் கமிட்டியில் இருந்த பெரியவர்கள் விலகினார்கள். திரிபுரியில், காந்தியடிகளின் விருப்பப்படியே காரியக் கமிட்டியை அமைக்கவேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறிற்று. ஏப்ரல் இறுதியில் போஸ் ராஜிநாமா செய்தார். பிரதிநிதிகளின் விருப்பம் கணக்கில் வென்று, காரியத்தில் தோற்றது. எண்ணி முடித்தபின் அந்த எண்ணிக்கைக்குக் கட்டுப்படுகிற மனம் மேலே இருப்பவர்களுக்கு வேண்டும். அது இல்லாதவிடத்தில் முன்தேர்தல் நடத்துவது வீண் சிரமம்.

அமெரிக்கர்களும் இந்தப் பாடத்தை உடனே படித்துவிடவில்லை. 1912-இல் குடியரசுக் கட்சியின் முன்தேர்தல்களில் பெரும்பாலானவற்றைத் தியோடர் ரூஸ்வெல்ட் வென்றார். சிகாகோ மாநாட்டில் கட்சி நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த டாஃப்ட் அபேட்சகரானார். ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கண்டார். இருவரும் தோற்று, வுட்ரோ வில்சன் வென்றார். 1968-இல் ஜனநாயகக் கட்சியில் ஹ்யூபர்ட் ஹம்ப்ரி ஒரு முன்தேர்தலிலும் போட்டியிடாமலே அபேட்சகராக முடிந்தது. மாநாடு நடந்த சிகாகோவின் தெருக்களில் தடியடி நடந்தது. ஹம்ப்ரி நிக்சனிடம் தோற்றார். அதன்பின் செனட்டர் மக்கவர்ன் தலைமையில் ஒரு கமிஷன் அமைத்து, கட்சிப் பெருந்தலைகளின் கையிலிருந்து தேர்வை எடுத்து ஆதரவாளர் கையில் கொடுத்தார்கள். அந்தப் புதிய முறையில் 1972-இல் அபேட்சகராக வந்தவர் அதே மக்கவர்ன். நிக்சன் 49 மாநிலங்களை வாரிக்கொண்டு போக, மக்கவர்னுக்கு மாசசூசெட்ஸும் தலைநகர் வட்டாரமும் மிஞ்சின. பார்த்தீர்களா, விருப்பத்துக்கு இடம் கொடுத்தால் வெற்றி போய்விடும் என்று கட்சிப் பெரியவர்கள் அன்று சொல்லத் தொடங்கியது இன்னும் ஓயவில்லை. அவர்கள் தேர்ந்த ஹம்ப்ரியும் தோற்றார் என்பதை மட்டும் ஏனோ மறந்துவிடுவார்கள்.

அந்தக் குரல் வாக்காளனுடைய நெஞ்சுக்குள்ளேயே புகுந்துவிட்டதைத்தான் 2020-இல் கண்டோம். தங்கள் கொள்கையோடு ஒத்துப்போகிறவரைவிட டிரம்பைத் தோற்கடிக்கக்கூடியவரே வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பெரும்பாலோர் வாக்குச் சாவடி வாசலிலேயே சொன்னார்கள். அயோவாவில் நான்காவதாகவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவதாகவும் வந்த ஜோ பைடன், பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில், பெரிதும் கறுப்பின மக்களின் வாக்கால் எழுந்து நின்றார். இரண்டொரு நாளில் போட்டியாளர் சிலர் விலகினார்கள். மார்ச் 3-க்குப் பின் விஷயம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. இங்கே நுட்பமாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஒரு கறுப்பினப் பாட்டி பைடனைத் தேர்ந்தபோது, அவர்மேல் வைத்த நம்பிக்கையோடு, தொலைவிலே வேறு மாநிலத்தில் இருக்கும் வெள்ளைக்கார வாக்காளன் யாருக்கு வாக்களிக்க மனங்கொள்வான் என்ற அனுமானமும் அவள் கையைப் பிடித்து நடத்தியது. அந்தத் தேர்வு புத்திசாலித்தனமானதே. நவம்பரில் பலித்தும் விட்டது. ஆனால் அயலானிடத்தில் இருப்பதாக நினைக்கும் துவேஷத்துக்கு, அத்துவேஷத்தால் வருந்துகிறவரே முன்கூட்டி இடம்விட்டு ஒதுங்கும் நிலை அதிலே இருக்கிறது.

நம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்விகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ், அந்தப் போட்டியில் ஒரு வாக்கும் பதிவாகும் முன்னரே 2019 டிசம்பரில் விலகிக்கொண்டார். 2024-இலோ நிலைமை தலைகீழ்: முன்தேர்தல்களில் பைடனுக்கு வாக்குகள் விழுந்து முடிந்தபின், ஜூலை 21 அன்று அவர் விலக, முன்தேர்தலைக் காணாமலே ஹாரிஸ் அபேட்சகரானார், 226 தேர்வாளர் வாக்குகள் பெற்று, 312 பெற்ற டிரம்பிடம் தோற்றார். முறைப்படி முன்தேர்தல் நடந்திருந்தால் வென்றிருப்பாரா என்று துளசேந்திரபுரத்துத் திண்ணைகளிலும் பேசியிருப்பார்கள். அதற்கு விடை சொல்ல ஒருவராலும் ஆகாது.

இனி நம் கரிசலுக்கு வருவோம். இங்கே அயலானின் துவேஷம் என்பதற்குச் சாதிக் கணக்கு என்று பெயர். தொகுதியில் எந்தச் சமூகம் எண்ணிக்கையில் அதிகம், எதற்கு எது ஒத்துப்போகும், எது போகாது என்று ஒரு பட்டியல் ஒவ்வொரு கட்சி அலுவலகத்திலும் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் சாதி அபிமானிகள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. பலர் மெய்யாகவே அபிமானம் அற்றவர்கள். “எனக்கு ஒண்ணுமில்ல, ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க” என்பார்கள். ஜனங்களைக் கேட்டால் அவர்களும் பக்கத்து ஊரைக் காட்டி அதையே சொல்வார்கள். இப்படி ஒருவர் மாற்றி ஒருவர் கைகாட்டிக்கொண்டே போவதால், சோதித்துப் பார்க்கப்படாமலே ஒரு நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக உயிர் வாழ்கிறது. தனித்தொகுதியில் அன்றிப் பொதுத்தொகுதியில் தாழ்த்தப்பட்ட வகுப்பார் ஒருவரைப் பெரிய கட்சிகள் நிறுத்துவது அரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம். நிறுத்திப் பார்த்தபோது என்ன ஆயிற்று? 2001-இல் திருச்சிராப்பள்ளி நாடாளுமன்றப் பொதுத்தொகுதியின் இடைத்தேர்தலில் ஜெயலலிதா தலித் எழில்மலையை நிறுத்தினார், அவர் வென்றார். ஒரு முறை சோதித்த அளவிலேயே உதிர்ந்துவிடக்கூடிய நம்பிக்கை அது. ஆனால் அச்சோதனை திரும்பத் திரும்ப நடக்கவில்லை.

வெல்லமாட்டார் என்ற கணக்கு உடைந்ததற்கு வெளியூர் உதாரணம் நமக்கு எதற்கு? 1995 ஆகஸ்டு 31 அன்று இந்தப் பகுதியின் கொடியங்குளத்தில் போலீஸார் புகுந்து நடத்திய சூறையாட்டத்தை இங்கே அமர்ந்திருப்பவரில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் தி.மு.க.வும் த.மா.கா.வும் சேர்ந்து மாநிலத்தையே அடித்துக்கொண்டு போனபோது, அந்த அணியில் சேராத டாக்டர் கிருஷ்ணசாமி ஓட்டப்பிடாரத்தில் வென்றார். கொடியங்குளத்தில் அடிபட்ட மனங்களுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது சென்னையில் கணக்குப் போட்டவர்களின் தாளில் ஏறவில்லை.

வென்றே தீர்வார் என்ற கணக்கு உடைந்ததையும் சொல்லவேண்டுமே. 1967-இல், ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவரும், இரண்டு பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பதில் கை கொடுத்தவருமான காமராஜர், தாம் பிறந்த விருதுநகரில், மாணவர் போராட்டத்தில் இருந்து வந்த பெ. சீனிவாசன் என்னும் இளைஞரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். தமிழ்நாட்டில் அன்று வெல்லக்கூடியவர் பட்டியல் என்று ஒன்று போட்டிருந்தால் முதற்பெயராக யார் பெயர் இருந்திருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இன்றைய வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. தேர்தல் நெருங்கியதும் கட்சித் தலைமை விருப்ப மனுக்களை வாங்குகிறது, மனுவோடு கட்டணமும் கட்டவேண்டும், பிறகு நேர்காணல். உள்ளே போய்வந்தவர்கள், தொகுதியைப் பற்றிய கேள்விகளைவிடக் கையிருப்பைப் பற்றிய கேள்வியே முந்தி வருகிறது என்று சொல்வது நாடறிந்த செய்தி. சட்டசபைத் தொகுதி ஒன்றுக்கு 40 லட்ச ரூபாய்க்குமேல் செலவழிக்கக்கூடாது என்று சட்டம் சொல்லுகிறது; சட்டத்துக்குள் அடங்குகிறவனைப் பசையில்லாத ஆள் என்று ஒதுக்குகிறவர்களும் நம்மிடையே உண்டு. அப்புறம் கூட்டணி, எந்தத் தொகுதி யாருக்கு என்ற பங்கீடு, கடைசியில் ஒரு ராத்திரி பட்டியல் வெளியாகிறது. தொகுதியில் இருபது வருஷம் கொடி கட்டினவன் தன் அபேட்சகர் யாரென்று தொலைக்காட்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான்.

2016-இல் கோவில்பட்டியில் நடந்தது இன்னும் விசித்திரம். மக்கள் நலக் கூட்டணியின் ஒருங்கிணைப்பாளரும், இந்தக் கரிசல் சீமையிலேயே பிறந்தவருமான வைகோ தாமே அத்தொகுதியில் நிற்பதாக அறிவித்தார். ஏப்ரல் 25 அன்று மனுத்தாக்கல் செய்ய வந்தவர், சாதி மோதலைத் தூண்டிவிட முயற்சி நடக்கிறது என்று காரணம் சொல்லித் தாம் விலகி, விநாயகா ரமேஷை நிறுத்தினார். அவருடைய காரணத்தின் நியாயம் அநியாயத்துக்குள் நான் புகவில்லை. ஒரு தொகுதியின் வாக்காளர்கள், யாரை மனத்தில் வைத்துக் கொள்வதா தள்ளுவதா என்று விவாதித்தார்களோ அவர் கண்முன்னே மறைந்துபோனார் என்பதும், வந்ததிலும் போனதிலும் அவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை என்பதும்தான் இங்கே பிரஸ்தாபம். இந்தப் பக்கம் ஓட்டப்பிடாரத்தில் 493-இல் வென்றவரோ, அடுத்த வருஷமே கட்சிச் சண்டையில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட பதினெண்மரில் ஒருவரானார். 2019 மே மாத இடைத்தேர்தலில் தி.மு.க.வின் சண்முகையா வருமட்டும், ஏறக்குறைய இருபது மாதம் இத்தொகுதிக்குச் சட்டசபையில் நாதியில்லை. வெல்லக்கூடியவர் என்று கணித்தவர்கள், வென்றபின் இருக்கக்கூடியவரா என்று கணிக்கவில்லை.

சரி, கட்சிகள்தான் நம்மைக் கேட்பதில்லை. வாக்குப்பதிவு எந்திரமாவது கேட்கிறதா? ஒரே ஒருவருக்கு எதிரே பொத்தானை அழுத்து என்கிறது நம் முறை. மூன்றாமவர்மேல் மனம் வைத்தவனிடம், “உன் ஓட்டை வீணாக்காதே” என்று இரு பெரிய கட்சிக்காரர்களும் வந்து சொல்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களிடையே பூரண ஒற்றுமை. வாக்காளன் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தன் விருப்பத்தைக் குறிக்க வழிசெய்தால் இந்தச் சங்கடம் தீரும் என்பது நெடுங்காலமாக அறிஞர் சொல்லிவரும் யுக்தி. நம் ஜனாதிபதியை அப்படித்தான் தேர்கிறோம். 1969-இல் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டில், பிரதமர் இந்திரா காந்தி சொன்ன ஜகஜீவன்ராமின் பெயரைத் தள்ளி, காமராஜர் உள்ளிட்ட பெரும்பாலோர் சஞ்சீவ ரெட்டியை நிர்ணயித்தார்கள். சுயேச்சையாக நின்ற வி. வி. கிரிக்காக, மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் பிரதமர். முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சி. டி. தேஷ்முக்குக்கு 1,12,769. ஒருவருக்கும் பாதிக்குமேல் இல்லை. பின்வந்தவர்களின் சீட்டுகளில் குறித்திருந்த அடுத்த விருப்பங்களைப் பிரித்தபோது ரெட்டி 91,879-ஐச் சேர்த்துக்கொண்டு பாய்ந்து வந்தார். கிரிக்குச் சேர்ந்ததோ 18,562. அதுவே போதுமானதாயிற்று: 4,20,077-க்கு 4,05,427. இரண்டாம் விருப்பத்தை எண்ணி ஜனாதிபதியைக் கண்டது நம் சரித்திரத்தில் அந்த ஒரே தடவை. தேஷ்முக்குக்கு வாக்களித்தவர்கள் தங்கள் வாக்கை வீணாக்கவில்லை. மனத்தில் இருந்தவருக்கும் கொடுத்து, மிஞ்சிய இருவரில் யார் தேவலை என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

கடலுக்கு அக்கரையில் சாதாரண ஜனங்களின் கையிலேயே அப்படிப்பட்ட சீட்டு இருக்கிறது. இலங்கையில் ஜனாதிபதி தேர்தலில் வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். 1982-இல் நடந்த முதல் தேர்தல் தொட்டு இதுவே ஏற்பாடு. 2024 செப்டம்பர் 21 தேர்தலில், வடக்கு கிழக்கிலுள்ள சில தமிழ்க் கட்சிகளும் பொது அமைப்புகளும் சேர்ந்து பா. அரியநேத்திரனைத் தமிழ்ப் பொது வேட்பாளராக நிறுத்தின. அவர் வெல்லமாட்டார் என்பது அவரை நிறுத்தியவர்களுக்கும் தெரியும். தமிழ் மக்கள் தம் மனத்தில் இருப்பதை எண்ணிக்கையாகக் காட்டவேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர் சார்ந்திருந்த தமிழரசுக் கட்சியோ, ஆகக்கூடியதைப் பார்க்கவேண்டும் என்று சஜித் பிரேமதாசாவை ஆதரித்தது. விருப்பமா வெற்றிக் கணக்கா என்ற நம் கேள்வி இவ்வளவு நிர்வாணமாக வேறெங்கும் நின்றதாக நான் அறியேன். அரியநேத்திரனுக்கு 2,26,343 வாக்குகள் கிடைத்தன. யாழ்ப்பாண மாவட்டத்தில் அவர் பிரேமதாசாவுக்கு மிக நெருங்கிய இரண்டாம் இடத்தில் வந்தார். ஒன்று என்று அரியநேத்திரனுக்கும் இரண்டு என்று தமக்கு உகந்த சிங்களத் தலைவருக்கும் குறித்திருந்தால் சண்டைக்கே இடமில்லை. சீட்டு அதற்கு இடம் கொடுத்திருந்தது.

எத்தனை பேர் குறித்தார்கள்? யாருக்கும் பாதி கிட்டாமையால், அந்நாட்டுச் சரித்திரத்தில் முதன்முறையாக, முதல் இருவரான அநுர குமார திசாநாயக்கவையும் பிரேமதாசாவையும் நிறுத்திக்கொண்டு, மற்றவர்கள் பெற்ற சீட்டுகளில் அடுத்த விருப்பத்தைத் தேடினார்கள். அந்தச் சீட்டுகள் ஏறத்தாழ 33 லட்சத்து 20 ஆயிரம். அவற்றில் இருவருக்கும் சேர்ந்தது 2,73,131. திசாநாயக்கவுக்கு 1,05,264, பிரேமதாசாவுக்கு 1,67,867. நூற்றுக்கு எட்டு என்ற கணக்கு. மற்றவர்கள் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை, அல்லது இவ்விருவரையும் அதில் சேர்க்கவில்லை. எண்ணுவதற்கு அவசியமே நேராத ஒன்றை நாற்பது வருஷமாக ஜனங்களுக்குச் சொல்லித்தந்தவர் இல்லை; தன் அபேட்சகருக்கு மட்டும் குறி என்று சொல்வதில்தான் ஒவ்வொரு கட்சிக்கும் லாபம். நல்ல கருவி ஒன்று வீட்டில் இருந்தும் பழக்கம் இல்லாமற்போனால் இப்படித்தான். அதனால் கருவியைக் குறை சொல்வார் சிலர், எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் அமெரிக்க முன்தேர்தலை அப்படியே கொண்டுவந்து இங்கே நட்டுவிடலாமா? உத்திரமேரூர்க் குடவோலையை நினைவூட்டி, நமக்கு இதெல்லாம் பத்தாம் நூற்றாண்டிலேயே தெரியும் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டைப் பொறுமையாகப் படித்தவர்களுக்குத் தெரியும்: நிலமும் சொந்த மனையும் கல்வியும் வயதும் உடையவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். அது திருவுளச்சீட்டு. யாரை விரும்புகிறாய் என்றும் அங்கே கேட்கவில்லை, யார் வெல்வார் என்றும் கேட்கவில்லை. கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினனையும் விலக்கிவைத்த விதியைமட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதை ஏனோ எவரும் முழங்குவதில்லை.

உண்மையான பரீட்சை ஒன்று 2014-இல் நடந்தது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் காங்கிரஸ் கட்சி, ராகுல் காந்தியின் யோசனைப்படி, சில தொகுதிகளில் மட்டும் கட்சிக்காரரை வைத்து அபேட்சகரைத் தேர்ந்தது. குஜராத்தின் வடோதராவில் அவ்வாறு வென்று வந்தவர் நரேந்திர ராவத். அத்தொகுதியில் நரேந்திர மோடி நிற்பார் என்று அறிவிப்பு வந்ததும், ராவத் ஒதுங்கிக்கொள்ள, மதுசூதன் மிஸ்திரி என்ற பெரிய தலைவரை நிறுத்தினார்கள். மோடி 5,70,128 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ராவத் நின்றிருந்தாலும் தோற்றிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் கட்சிக்காரர்கள் தேர்ந்த மனிதரோடு தோற்பதற்கும், அவர்களைக் கேட்டுவிட்டுப் பின் ஒதுக்கிவைத்து வேறொருவரோடு தோற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வடோதராத் தொண்டர்கள் அறிந்திருப்பார்கள். திரிபுரியில் நடந்ததே வேறு உருவத்தில் திரும்ப வந்தது. ஓர் இழப்பை எதிர்பார்த்த மாத்திரத்திலேயே பரீட்சையைக் கைவிட்டார்கள்.

முன்தேர்தலுக்கு எதிராகச் சொல்லப்படும் தடைகளில் பணச்செலவு பெரிது. ஒரு தேர்தலுக்கே வாக்குக்கு விலை பேசும் ஊரில் இரண்டாவது தேர்தலும் வைத்தால் இரண்டு தடவை விலை பேசுவார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. முன்தேர்தலுக்கு வந்து வாக்களிப்பவர்கள் எப்போதும் சிலரே, அவர்கள் அழுத்தமான கொள்கைக்காரர்களாக இருப்பார்கள், பொது ஜனத்தின் நாடியை அவர்களால் பிடிக்க முடியாது என்பதும் அமெரிக்காவில் மெய்யாகக் கண்டதே. இவற்றுக்கெல்லாம் பரிகாரம் தேடலாம். தேட முடியாத தடை ஒன்று அவற்றுக்கு முன்னால் நிற்கிறது: முன்தேர்தலில் வாக்களிக்க உரிமையுள்ள உறுப்பினர் யார் என்பதே நம் கட்சிகளுக்குத் தெரியாது. லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் உறுப்பினர் சேர்த்ததாக மாநாடுகளில் அறிவிக்கிறார்கள். உறுப்பினர் அட்டைக் கட்டணத்தைத் தாமே மொத்தமாகக் கட்டிவிட்டுப் பெயர்களை வாக்காளர் பட்டியலைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும் வட்டாரப் பிரமுகர்களை எல்லாக் கட்சிகளிலும் நான் அறிவேன். ஒரே ஆள் தனக்குத் தெரியாமலே மூன்று கட்சிகளில் உறுப்பினராக இருப்பது இங்கே அபூர்வமன்று.

ஆகையால் முன்தேர்தல் வேண்டும் என்று மேலிடத்துக்குத் தீர்மானம் அனுப்புவதற்கு முன்பாக, இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பல கட்சி நண்பர்களும் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று உண்டு. தங்கள் புதியம்புத்தூர்க் கிளையின் உறுப்பினர் பதிவேட்டை ஒருநாள் சாயங்காலம் பொது இடத்தில் வைத்து, பெயர் பெயராக, உரக்க வாசிக்கட்டும். பெயருக்குரியவர் எழுந்து ‘உண்டு’ என்றோ ‘நான் எப்போது சேர்ந்தேன்?’ என்றோ சொல்லட்டும். எந்தக் கட்சி முதலில் வாசிப்பது என்பதை அவர்கள் கூடிப் பேசித் தீர்மானித்து, தேதியைத் தெரிவித்தால் போதும், கேட்பதற்கு நானும் வருகிறேன்.